ஈப்போ வெயிலில் ஒரு ஹீட்டர்

1

கோவில்பட்டிக்காரர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அழுகைக் குறிப்பு அல்ல. வெளிநாட்டுக்குப் போனவர்கள் எழுதுகிற குறிப்புகளை நானும் வாசித்திருக்கிறேன். எல்லாரும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார்கள். நான் மலேசியாவுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தெட்டு வருடம் முடிகிறது. அழக் காரணமே இல்லையா என்றால் இருக்கிறது, ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. போன வாரம் நான் ஒரு சண்டையில் ஜெயித்தேன். அதைத் தம்பட்டம் அடிக்கத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பெயர் செண்பகவல்லி. நம் ஊர் அம்மன் பெயர். எங்கள் தெருவில் மட்டும் நான்கு செண்பகவல்லிகள் இருந்தோம். இங்கே ஈப்போவில், புந்தோங் வட்டாரத்தில், நான் ஒருத்திதான். ஆகவே யாராவது "செண்பகம்" என்று கூப்பிட்டால் தைரியமாகத் திரும்பிப் பார்ப்பேன்.

சண்டை ஒரு காரைப் பற்றியது.

2

நீங்கள் நினைக்கிற கார் இல்லை. அறுபதுகளில் பிரிட்டனில் செய்த குட்டி வண்டி. எஞ்சின் பின்னால். முன்மூடியைத் திறந்தால் ஸ்டெப்னியும் ஒரு பை வைக்க இடமும் மட்டும் இருக்கும். பின்கண்ணாடி ஜன்னல் மாதிரி மேலே தூக்கித் திறக்கும். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயருக்கு நம் பாஷையில் குட்டிச்சாத்தான் என்று அர்த்தம். என் மாமியார் அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றுவிட்டார். "குட்டி" மட்டும் போதும், மிச்சம் வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு.

மாமனார் பீடோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. தோட்டத்துத் துரை சொந்த ஊருக்குக் கிளம்பியபோது அவரிடமிருந்து வாங்கியது இது. மாமனார் காலமானதும் வண்டி மூத்த மகன் பெயருக்கு மாறியது. அவர் என் கணவரின் அண்ணன், சித்தியவானில் இருக்கிறார், நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ஆக, பெயர் அவருடையது, வண்டி நின்றது எங்கள் வாசலில், அதற்கு உழைத்தது நான். சண்டையின் வேர் இதுதான்.

என் கணவர் குணசேகரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். ஆனால் ஒரு ஸ்பானரைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிப்பார். என் அப்பாவோ ஆயில் எஞ்சினும் பம்புசெட்டும் ரிப்பேர் பார்த்தவர். நான் சமையல் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கேஸ்கட் வெட்டக் கற்றுக்கொண்டவள். கல்யாணத் தரகர் இதை இரண்டு வீட்டிலும் சொல்லவில்லை.

3

வந்து இறங்கிய அன்று இவர் விமான நிலையத்தில் சொன்ன முதல் வாக்கியம், "நம்ம காடி வெளிய நிக்குது." நம் ஊரில் காடி என்றால் புளித்த கஞ்சி. இங்கே கார். புது மாப்பிள்ளையிடம் சண்டை வேண்டாமென்று பேசாமல் பின்னால் போனேன். அங்கே குட்டி நின்றது.

ஈப்போவுக்கு வருகிற வழி முழுக்க என் காலடியில் அனல் அடித்தது. கோவில்பட்டி வெயிலில் வளர்ந்தவளுக்கே தாங்கவில்லை. "என்னங்க, இது காரா அடுப்பா?" என்று கேட்டேன். மனிதர் வாயைத் திறக்கவில்லை. பட்டுப்புடவைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். புது நாட்டில் எனக்கு முதலில் கிடைத்தது வெந்த பாதம்.

அதற்குப் பிறகு சில வருடம் நான் ஊமை. மலாய் வராது. ஆங்கிலம் வாசிப்பேன், பேச வராது. பக்கத்து வீட்டுக்காரி கான்டனீஸில் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். நம்மவர்கள் பேசுகிற தமிழ்கூட எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. காலையில் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்பார்கள், காலைச் சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். நான் பசிக்கவில்லை என்று பதில் சொல்லிப் பலகாரம் கிடைக்காமல் திரும்பியிருக்கிறேன். அலுவலகங்களில் இன்னும் மோசம். நிரந்தர வசிப்பிட அனுமதிக்கு ஒவ்வொரு தடவையும் கணவர் பேசுவார், அதிகாரி பேசுவார், நான் நடுவில் ஒரு மூட்டையாக உட்கார்ந்திருப்பேன். பல வருடம் கழித்துச் சிவப்பு ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடைத்தது. குடியுரிமை இல்லை, இருக்கலாம் என்கிற சீட்டு. இன்றைக்கும் என் கையில் அந்தச் சிவப்புதான்.

அந்த ஊமைக் காலத்தில் ஒரு நாள் குட்டி சந்தை வாசலில் நின்றுவிட்டது. இவர் வழக்கம்போலச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். நான் இறங்கிப் பின்மூடியைத் திறந்தேன். கார்புரேட்டர், ஸ்பார்க் பிளக், ஃபேன் பெல்ட், எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள். சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. பிளக்கைக் கழற்றித் தேய்த்துப் போட்டேன், வண்டி கிளம்பியது. சந்தைக்காரர்கள் கை தட்டினார்கள். இந்த நாட்டில் எனக்கு முதலில் புரிந்த பாஷை அந்த எஞ்சின்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

4

அன்றிலிருந்து குட்டி என் பொறுப்பு. லைசென்ஸ் எடுத்தேன். பட்டறை வைத்திருக்கிற ஆ ஹோங் என்கிற சீனரிடம் போய் நின்று, பழைய சாமான் எது எதற்குப் பொருந்தும் என்று கைஜாடையிலேயே பேசினேன். எங்கள் இருவருக்கும் அரைகுறை மலாய். மீதியை நட்டும் போல்ட்டும் பேசின.

பின்னால் எஞ்சின் வைத்த வண்டிக்குத் தனிச் சட்டம் உண்டு. முன் டயரில் காற்று கம்மியாக இருக்க வேண்டும், பின் டயரில் அதிகம். பெட்ரோல் நிலையத்தில் உதவிக்கு வருகிற புண்ணியவான்கள் நான்குக்கும் சமமாக அடித்துவிடுவார்கள். சமதர்மம் நல்லதுதான், ஆனால் அன்று வண்டி ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. முன்பக்கம் கனமில்லாததால் காற்றில் வேறு அலையும். அதற்காக முன்பெட்டியில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றை நிரந்தரமாக வைத்திருந்தேன். ஒரு தடவை மாமியார் அதை எடுத்துச் சோறு வடித்துவிட்டார். அந்த வாரம் நான் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்து, எனக்கு லைசென்ஸ் கொடுத்தவனைத் தெருவே திட்டியது.

ஆயுத பூஜைக்கு ஐயர் வருவார். எல்லாக் காருக்கும் முன்னால் நின்று தீபம் காட்டுவார். குட்டியிடம் வந்ததும், "எஞ்சினுக்குத்தானே பூஜை? பின்னாடி வாங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போவேன். "பின்பக்கத்துக்கு ஆரத்தி காட்டுறது என் சர்வீஸ்ல இதுதான்மா ஃபர்ஸ்ட்டு" என்று முதல் வருடம் முனகினார். அப்புறம் அவரே நேராகப் பின்னால் போய்விடுவார்.

எல்லாம் சரி, ஒரே ஒரு வியாதி மட்டும் தீரவில்லை. ஓடும்போது சமாளிக்கும். நின்றால் கொதிக்கும். சிக்னலில் கொஞ்சம் அதிகமாக நின்றால் வெப்பநிலை ஊசி சிவப்பைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தோம், தண்ணீர்ப் பம்பை மாற்றினோம், ஹெட்டைக் கழற்றிச் சீவினோம். ம்ஹூம். தண்ணீர் பாட்டில்களோடு ஓட்டப் பழகிக்கொண்டேன். பீடோர் போக மூன்று இடத்தில் நிறுத்தம். "செண்பகம் அக்கா காடிக்குத் தாகம் ஜாஸ்திலா" என்று தெருவில் கிண்டல்.

மகள் மதிக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்வாள். இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். இப்போது பெர்த்தில் வேலை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் அரை வரி. அவள் அந்தத் தெருவில் நடந்து போனபடியே இருக்கிறாள் என்று சில சமயம் தோன்றும். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

கொரோனா முடக்கத்தில் குட்டி நின்றது. பிறகு என் முழங்கால் வலி, இவர் கண் ஆபரேஷன் என்று சாலை வரி கட்டாமலே வருடங்கள் ஓடிவிட்டன.

5

இரண்டு மாதத்துக்கு முன் பெரியத்தான் ஓர் இளைஞரோடு வந்து இறங்கினார். பழைய டவுனில் புதிதாகக் காப்பிக்கடை திறக்கப் போகிறவராம். இப்போது ஈப்போவில் இதுதான் நாகரிகம், பழைய சாமான் எதையாவது நடுவில் வைத்து, சுற்றி நாற்காலி போட்டு, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, அளவு நாடாவை எடுத்துக் குட்டியின் பின்கண்ணாடியை அளந்தார்.

"என்ன அளக்கறார்?" என்று கேட்டேன்.

பெரியத்தான் சந்தோஷமாகச் சொன்னார். "இந்தக் கண்ணாடி தொறக்குதுல்ல, அது வழியா கேக் எடுத்துக் குடுப்பாங்களாம்லா. இஞ்சினத் தூக்கிப் போட்டுட்டு உள்ள லைட்டு வைப்பாங்க. அப்பா காடி, டவுனுக்கு நடுவுல ஜம்முனு நிக்கும். நம்மளுக்கும் பெருமைதானே."

நான் குட்டிக்கும் நாடாவுக்கும் நடுவில் போய் நின்றேன். "அந்த இஞ்சின இருபத்தெட்டு வருஷமா நான் பாத்திருக்கேன் பெரியத்தான். தூக்கிப் போடவா?"

"ஓடாத காடிக்கு இஞ்சின் எதுக்குமா?"

"யாரு சொன்னா ஓடாதுன்னு?"

"வரி கட்டி எத்தன வருஷம் ஆச்சு? இனிமே காடிப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போகணும். அங்க லாரிக்குப் பின்னால வரிசையில நிக்கணும். உன் காடி சிக்னல்லயே கொதிக்கும். அங்க நின்னா சட்டி வெடிச்சிரும்லா."

சொன்னது உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சல். என் கணவரைப் பார்த்தேன். அவர் அண்ணனையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் திறந்து கிடந்த முன்பெட்டியின் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரிசோதனையில பாஸ் பண்ணிக் காட்டுறேன்," என்றேன். "பண்ணிட்டா என் பேருக்கு எழுதிக் குடுக்கணும்."

பெரியத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "பாஸ் பண்ணட்டும், நானே வந்து கைநாட்டு வைக்கிறேன். இல்லன்னா கேக்குக்கடைதான். சரியா?"

காப்பிக்கடைப் பிள்ளை ஆறு வாரம் பொறுக்கிறேன் என்றார். போகும்போது என்னிடம் மெல்ல, "ஆன்ட்டி, காடி சாந்திக்," என்றார். அழகான கார் என்று அர்த்தம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் குட்டி அழகாக இருந்தது. எனக்கு அது உயிரோடு இருக்க வேண்டியிருந்தது.

6

முதல் முயற்சி மானக்கேடு. பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் சரி பண்ணி, ஆ ஹோங் வந்து ஒரு தடவை பார்த்து, அதிகாலையிலேயே கிளம்பிப் போனேன். எனக்கு முன்னாலேயே பதினைந்து வண்டி. நகர நகர எஞ்சினை அணைத்து அணைத்துக் கிளப்பினேன். சூடான எஞ்சின் அணைத்தால் திரும்பக் கிளம்ப அடம் பிடித்தது. அணைக்காமல் விட்டால் ஊசி ஏறியது. வாசலுக்கு இரண்டு வண்டி பாக்கி இருக்கும்போது பின்னாலிருந்து புஸ்ஸென்று ஆவி. இரண்டு பேர் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். ஒரு லாரி டிரைவர், "அக்கா, முட்ட வச்சா அவிஞ்சிரும்லா" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுகைக் குறிப்பு இல்லை என்றேன், ஆனால் அழுததை மறைத்தால் பொய்யாகிவிடும்.

மறுநாள் பாயை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். ஒவ்வொரு குழாயாகக் கையால் தடவிக்கொண்டு போனேன். எஞ்சினிலிருந்து முன்பக்கம் நோக்கி இரண்டு குழாய்கள் கிளம்பி, ஒரு சாண் தூரத்தில் முடிந்துவிடும். முனையில் ரப்பர் சுற்றிய கட்டை அடைத்திருக்கும். இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் அடைத்திருந்தால் காரணம் இருக்கும் என்று ஒரு தடவைகூடக் கேள்வி கேட்டதில்லை. அவன் பெயரைச் சொன்னாலே நமக்கு மூளை கொஞ்சம் கும்பிடு போட்டுவிடுகிறது.

இந்தத் தடவை கட்டையைப் பார்க்கவில்லை, அதைக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தேன். ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் கொக்கி. அது ரப்பர் மரத்தில் பால் வடிகிற மங்கு, அதாவது கிண்ணம், அதைத் தாங்கக் கட்டுகிற கம்பி. மாமியார் வீட்டில் அது ஒரு வாளி நிறையக் கிடந்தது, அவர் அதில்தான் துணி காயப்போடுவார். பிரிட்டனில் எந்தத் தொழிற்சாலையில் மங்குக் கம்பி வைத்திருப்பான்?

படுத்தபடியே கத்தினேன். "என்னங்க! இங்க வாங்க!"

இவர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இதக் கட்டுனது யாரு?"

அவர் கையை நீட்டிக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "நாந்தான்," என்றார்.

"நீங்களா?"

"நீதானே சொன்னே, காலு சுடுதுன்னு."

விஷயம் இதுதான். குளிர் நாட்டில் செய்த காரில் ஹீட்டர் என்று ஒன்று உண்டு. எஞ்சின் சுடுதண்ணீரை முன்னால் கொண்டுவந்து ஒரு குட்டி ரேடியேட்டரில் ஓடவிட்டு, அந்தச் சூட்டை உள்ளே அனுப்புவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் காருக்கு ஹீட்டரா, யார் கேள்விப்பட்டார்கள்? அன்று வழி முழுக்க என் காலில் அடித்தது அதுதான், அதைத் திறந்து மூடுகிற திருகு சரியாக மூடவில்லை. நான் அடுப்பா என்று கேட்டது இவருக்கு உறைத்திருக்கிறது. வந்த வாரமே, நான் மாமியாரோடு கோயிலுக்குப் போயிருந்த நேரம், மனிதர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு அடியில் படுத்திருக்கிறார். இரண்டு குழாயையும் அறுத்து, கட்டை வைத்து, மங்குக் கம்பியால் கட்டிவிட்டார். வாழ்க்கையில் இவர் செய்த ஒரே மெக்கானிக் வேலை அது.

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே. காலு சுடலதானே அப்புறம்?"

சுடவில்லை. அதற்குப் பதிலாக எஞ்சின் சுட்டது. அந்தக் குட்டி ரேடியேட்டர் இந்த வண்டிக்கு இரண்டாவது நுரையீரல். அதை அறுத்துவிட்டு, இருபத்தெட்டு வருடம் மூச்சு முட்டுகிறதே என்று வைத்தியம் பார்த்திருக்கிறோம். நான் பாயில் படுத்தபடி முதலில் அவரைத் திட்டினேன். பிறகு சிரிப்பு வந்தது. இந்த மனிதர் ஒரு நாள்கூட என்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்று நான் மதியிடம் பல தடவை குறைபட்டிருக்கிறேன். பேசவில்லைதான். ரம்பத்தை எடுத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிரீஸ் கையால் துடைக்கவும் முடியவில்லை.

7

ஆ ஹோங்கிடம் கம்பியைக் காட்டியதும் தொடையில் தட்டிச் சிரித்தார். "இத்தனை வருஷம் நான் ரேடியேட்டர் கழட்டி, நீ தண்ணி ஊத்தி, உன் புருஷன் பேசாம நின்னான்!" என்பதை அவர் மலாயில் சொன்னபோது இன்னும் நன்றாக இருந்தது. நான்கு நாள் இரண்டு பேரும் மாரடித்தோம். முன்னால் இருந்த குட்டி ரேடியேட்டரில் ஓட்டை. அவர் ஈயம் வைத்து அடைத்தார். ஹீட்டர்த் திருகு இறுகிப்போயிருந்தது. நான் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கட்டைவிரல் தோல் உரிய உரியத் திருகி எடுத்தேன். புதுக் குழாய் போட்டோம். எஞ்சினைக் கிளப்பினோம். மறுபடி ஊசி ஏறியது.

ஆ ஹோங் முகம் விழுந்துவிட்டது. "தக் போலே," என்றார். முடியாது என்று அர்த்தம்.

எனக்கு விழவில்லை. இந்த மாதிரி முரட்டுப் பிடிவாதம் பிடிக்கிற பம்புகளை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். குழாயில் காற்று நின்றால் எந்த மோட்டாரும் தண்ணீரை இழுக்காது. காற்று மேலே போகிற சாதி, அதற்கு வழியை மேலே விட வேண்டும். தண்ணீர் ஊற்றுகிற வாய் இந்தக் காரில் பின்னால் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலோ ரோட்டைப் பார்த்துச் சரிவு. குட்டியை முகம் கீழே, பின்பக்கம் மேலே வரும்படி நிறுத்தி, ஹீட்டர்த் திருகை முழுக்கத் திறந்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக் குழாயைப் பிசைந்தேன். குபுக், குபுக் என்று காற்று வந்துகொண்டே இருந்தது. நின்றதும் மூடினேன்.

எஞ்சினை அரை மணி நேரம் நின்றபடியே ஓடவிட்டேன். ஊசி நடுவுக்கு வந்தது, நின்றது, அசையவில்லை. ஆ ஹோங் தன் புகைந்துபோன கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். நான் வாசலில் ஆடவில்லை. ஆனால் ஆடியிருப்பேன், முழங்கால்தான் விடவில்லை.

அன்று சாயங்காலம் மதி வீடியோவில் வந்தாள். வழக்கமான அரை நிமிட நலம் விசாரிப்பு. நான் மங்குக் கம்பியைத் திரையில் காட்டிக் கதையைச் சொன்னேன். "அப்பாவா? ரம்பமா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஒரு மணி நேரம் பேசினாள், கேள்வியாகக் கேட்டாள். முழுக்கத் தமிழில் என்பதை அவள் கவனிக்கவில்லை. நான் சுட்டிக்காட்டவும் இல்லை, எனக்கு அவ்வளவு புத்தி உண்டு.

8

ஆறாவது வாரம், இரண்டாவது முயற்சி. இவரும் கூட வந்தார். தாமதமாகத்தான் இடம் கிடைத்தது, உச்சி வெயில். முன்னால் பத்தொன்பது வண்டி. பாதி வரிசையில் ஊசி லேசாக அசைந்தது. அப்போது நான் ஹீட்டரை முழுக்கத் திறந்து, விசிறியையும் போட்டேன்.

ஈப்போவில், நண்பகலில், தகர டப்பாவுக்குள் ஹீட்டர். அதை அனுபவித்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். எஞ்சினின் சூடெல்லாம் எங்கள் காலுக்கு வந்தது. ஊசி மரியாதையாகக் கீழே இறங்கியது.

"வல்லி, தாங்கல," என்றார் இவர். துண்டைப் பிழிந்தால் சொட்டியது.

"அன்னைக்கு எனக்கும் தாங்கல. அப்ப பேசாமத்தானே ஓட்டுனீங்க? இப்ப பேசாம உக்காருங்க."

"வேணும்னா நான் எறங்கி நடந்து வாரேன்."

"எறங்குனா நானே உங்கள கேக்குக்கடைக்கு வித்துருவேன்."

சிரித்துவிட்டார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். ஒரு தடவைகூட எஞ்சினை அணைக்கவில்லை.

பரிசோதனை செய்கிற மலாய்க்காரப் பையன் ஜன்னலில் குனிந்தவன் சட்டென்று பின்வாங்கினான். "மக்சிக், பனாஸ்!" என்றான். அத்தை, சூடு! நான் ஹீட்டரைக் காட்டினேன். அவன் நம்பாமல் கையை நீட்டிப் பார்த்தான். பிறகு முன்மூடியைத் திறந்து ஸ்டெப்னியையும் அரிசி மூட்டையையும் கொஞ்ச நேரம் பார்த்தான். "இஞ்சின் மானா, மக்சிக்?" எஞ்சின் எங்கே? "பெலாக்காங்," என்றேன், பின்னால். இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். அதற்குள் நான் மனதில் நம் அம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

பிரேக் உருளையில் ஏற்றினார்கள். விளக்கு பார்த்தார்கள். புகை பார்த்தார்கள். பள்ளத்தில் இறங்கி அடியில் தட்டிப் பார்த்தார்கள். பையன் தாளோடு வந்தான். "லூலுஸ்," என்றான். பாஸ்.

நான் அந்தத் தாளை வாங்கி மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். இவர் என் கையைப் பிடித்தார். பொது இடத்தில் இதுவும் முதல் தடவை. இரண்டு பேர் கையும் வியர்வையில் வழுக்கியது.

9

சொன்ன சொல் தவறாமல் பெரியத்தான் சித்தியவானிலிருந்து பஸ் ஏறி வந்தார். முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி. பெயர் மாற்றுகிற அலுவலகத்தில் இரண்டு பேரும் கைரேகை வைக்க வேண்டும். அவருடையதை இயந்திரம் உடனே எடுத்துக்கொண்டது. என்னுடையதை எடுக்கவில்லை. திருகு உரித்த கட்டைவிரல், ரேகை இருந்தால்தானே? இரண்டாவது தடவை வைத்தேன், சிவப்பு விளக்கு. மூன்றாவது தடவையும் சிவப்பு.

 கவுன்டர்கள் முன்னால் மூட்டையாக உட்கார்ந்த வருடங்கள் எல்லாம் வந்து நின்றன. எல்லாம் ஜெயித்து, கடைசியில் ஒரு விரல் தோற்கிறதே என்று தோன்றியது. இவர் எனக்காகப் பேச எழுந்தார். நான் கையமர்த்திவிட்டு, என் உடைசல் மலாயில் அந்த அதிகாரிப் பெண்ணிடம் நானே சொன்னேன். வண்டி ரிப்பேர் பார்த்த கை இது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் என் விரலை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த கை விரலை வைக்கலாம் என்றார்.

இடது கையிலும் கிரீஸ். பெரியத்தான் பக்கத்தில் வந்து, சட்டைப்பையிலிருந்து தேய்த்து மடித்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "நல்லாத் தொடச்சிட்டு வைமா," என்றார். துடைத்தேன். கைக்குட்டை பாழானது. வைத்தேன். பச்சை.

தாள் வந்தது. உரிமையாளர்: செண்பகவல்லி. பக்கத்தில் என் சிவப்பு ஐசி எண். அப்பா பெயருக்கு முன்னாலோ கணவர் பெயருக்குப் பின்னாலோ ஒளிந்துகொள்ளாமல், இந்த நாட்டில் ஓடுகிற ஒரு பொருளுக்குச் சொந்தக்காரியாக நான் நின்றேன். மூன்று தடவை வாசித்தேன்.

வெளியே வந்ததும் பெரியத்தான் பஸ்ஸுக்கு நேரம் பார்த்தார். "ஏறுங்க, நானே கொண்டுவந்து விடுறேன்," என்றேன்.

"சித்தியவானுக்கா? போய்ச் சேருமா?"

"நான் ஓட்டுனா சேரும்."

இவர் பின்சீட்டில் மடங்கி உட்கார்ந்தார். பெரியத்தான் முன்னால். வழியில் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினோம், எங்கும் நிற்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஒரு பாலத்தில் வேலை நடந்து போக்குவரத்து நின்றபோது நான் ஹீட்டரைத் திறந்தேன். பெரியத்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப ஊசியைப் பார்த்தார்.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, இறங்கிக் கேட்டைத் திறந்தவர் உள்ளே போகவில்லை. ஒரு கையைக் குட்டியின் கூரைமேல் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி வீட்டுக்குள் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏய், எல்லாரும் வெளிய வாங்கலா! செண்பகத்தோட காடி வந்திருக்கு!"